லொகேஷனை ஆன் பண்ணி வைக்கச் சொல்கிறார்கள், யார் பார்ப்பதற்கு?

2024 நவம்பர் 3, மாலை (கம்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டது)

அண்ணே, எங்க அம்மா வண்டன்மேடு பக்கம் ஏலக்காட்டு வேலைக்குப் போறாங்க. விடியுறதுக்கு முன்னாடியே ஜீப் வந்துடும். இப்போ புதுசா ஜீப் வாட்ஸ்அப் குரூப்ல எல்லாரும் லைவ் லொகேஷன் போடணும்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. பாதுகாப்புக்குத்தானாம். மறைக்க ஒண்ணும் இல்லாதவங்க எதுக்குப் பயப்படணும்னு கேக்குறாரு. எனக்கும் அது சரின்னுதான் தோணுது. அம்மாதான் சங்கடப்படுறாங்க. இதுல ஆபத்து எதாவது இருக்கா?

2024 நவம்பர் 3, இரவு

இருக்கிறது. அம்மா சங்கடப்படுவது சரிதான்.

முதலில் இது எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். வாட்ஸ்அப் லைவ் லொகேஷனுக்கு மூன்றே கெடுதான்: 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம். காலை ஆறு மணிக்கு ஜீப்பில் ஏறும்போது 8 மணி நேரம் என்று அழுத்தினால் மதியம் இரண்டு மணிக்கு நின்றுவிடும். வேலை முடிவதற்குள் நின்றுவிடுகிறதே என்று சாப்பாட்டு நேரத்தில் இன்னொரு முறை அழுத்தச் சொல்வார்கள். ஒரு மணிக்கு அழுத்தியது இரவு ஒன்பது வரை ஓடும். மலை இறங்கி, ரேஷன் கடைக்குப் போய், தங்கச்சி வீட்டுக்குப் போய், சங்கத்துக் கூட்டத்துக்குப் போய், வீட்டில் வந்து படுக்கும்வரை அந்தக் குரூப்பில் இருக்கும் எல்லோரும் பார்க்கலாம். வேலையை விட்டுப்போன பிறகும் குரூப்பில் இருந்து நீக்கப்படாத ஆட்களும் பார்க்கலாம்.

பாதுகாப்புக்கு என்றால், தெரியவேண்டியது ஜீப் எங்கே நிற்கிறது என்பதுதான். அதற்கு டிரைவர் ஒருவர் போட்டால் போதும். ஜீப்பில் இருக்கும் அத்தனை பெண்களும் ஏன் போடவேண்டும் என்று கேட்டுப்பாருங்கள். என்ன பதில் வருகிறது என்பதை வைத்தே நோக்கம் தெரிந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், பிரைவசி, லைவ் லொகேஷன் என்று போனால் இப்போது எந்தெந்த குரூப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்ற பட்டியல் வரும். அங்கேயே நிறுத்தலாம்.

2024 நவம்பர் 4

"மறைக்க ஒன்றும் இல்லை" என்பதைப் பற்றித் தனியாக எழுதவேண்டும் என்று தோன்றியது. நேற்று அதைத் தொடவில்லை.

இருப்பிடம் என்பது ஒரு புள்ளி என்று நினைத்துக்கொள்கிறோம். ஒரு புள்ளியால் பெரிய கெடுதல் இல்லைதான். ஆனால் போன் தொடர்ந்து புள்ளி வைத்துக்கொண்டே போகிறது. ராத்திரி பத்து முதல் காலை ஐந்து வரை எங்கே நிற்கிறதோ அது வீடு. பகலில் நிற்கும் இடம் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை நிற்கும் இடம் சர்ச். மாதம் ஒரு முறை போகும் இடம் ஆஸ்பத்திரி. பெயரே வேண்டாம், இவ்வளவு தெரிந்தாலே ஆளைச் சொல்லிவிடலாம். 2013-ல் ஒரு ஆராய்ச்சி வந்தது. 15 லட்சம் பேரின் 15 மாத செல்போன் பதிவுகளைப் பெயர் நீக்கி எடுத்துக்கொண்டார்கள். எந்த நேரத்தில் எந்த டவர் பக்கம் இருந்தார் என்று வெறும் 4 இடங்கள் தெரிந்தால் போதும், 95 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்துவிட முடிந்தது.

அப்புறம், எதை மறைக்கவேண்டும் என்பது எதிரே பார்க்கிறவரைப் பொறுத்தது. சங்கத்துக் கூட்டத்துக்குப் போவது குற்றமே இல்லை. ஆனால் கங்காணிக்குத் தெரிந்தால் மறுநாள் ஜீப்பில் இடம் இருக்காது. பக்கத்துத் தோட்டத்தில் கூலி எவ்வளவு என்று கேட்டுவரப் போவதும் குற்றமில்லை. அதுவும் தெரியக்கூடாத இடத்தில் தெரிந்தால் வயிற்றுப்பாடு போச்சு.

2024 நவம்பர் 6

என் கடைக்கு வந்த ஒரு அக்காவைப் பற்றி எழுதுகிறேன். ஊர், பெயர் வேண்டாம். குமுளி ரோட்டில் ரீசார்ஜ், சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் ஜீப் இறங்கும் நேரம்தான் எனக்கு வியாபாரம். விரல் நுனியில் ஏலக்காய்க் கறை இருப்பதால் கைரேகை லாக் வேலை செய்யவில்லை என்று வருகிறவர்கள் பாதிப்பேர். அந்த அக்கா வந்தது வேறு குறைக்கு. காலையில் முழு சார்ஜ் போட்டால் மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறதாம்.

பேட்டரி நல்லா இருந்தது. செட்டிங்ஸில் லொகேஷனுக்குள் போய், சமீபத்தில் எந்த ஆப் இருப்பிடம் எடுத்தது என்று பார்த்தேன். கால்குலேட்டர் மாதிரி படம் போட்ட ஒன்று, சற்று நேரத்துக்கு ஒரு தரம் எடுத்துக்கொண்டே இருந்தது. திறந்தால் கணக்குப் போட வரவில்லை. கடவுச்சொல் கேட்டது. அதற்குக் கீழே அவசரக் கடன் ஆப் ஒன்று. அதற்கும் "எப்போதும்" என்று அனுமதி கொடுத்திருந்தது. கடனைக் கட்டி முடித்து நாளாச்சு என்றார் அந்த அக்கா. ஆப் மட்டும் போகவில்லை.

கடன் ஆப்புக்கு விதி இருக்கிறது. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட டிஜிட்டல் கடன் வழிகாட்டுதலின்படி, கடன் ஆப்கள் போனில் இருக்கும் படங்கள், தொடர்பு எண்கள், அழைப்புப் பட்டியல் எதையும் தொடக்கூடாது. கேமரா, மைக், லொகேஷன் ஆகியவற்றை ஆளைச் சரிபார்க்கும் வேலைக்காக ஒரே ஒரு முறை, கேட்டுச் சம்மதம் வாங்கி எடுத்துக்கொள்ளலாம். "எப்போதும்" என்பது அந்த விதிக்கு விரோதம். வங்கியோடு சம்பந்தமே இல்லாத திருட்டுக் கடன் ஆப்கள் இந்த விதியை மதிக்கப்போவதில்லை. ஆகவே அனுமதியை நாம்தான் எடுக்கவேண்டும்.

அந்தக் கால்குலேட்டரை யார் போட்டது என்று நான் கேட்கவில்லை. போனைக் கையில் வாங்கிக்கொண்டு, கொஞ்ச நேரம் கடை வாசலிலேயே நின்றார். "எடுத்துடவா அக்கா?" என்றேன். "இன்னைக்கு வேணாம் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று எனக்கு அது புரியவில்லை. இதைப் பற்றிப் பிறகு விரிவாக எழுதவேண்டும்.

2024 நவம்பர் 9

மூணாறிலிருந்து ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். மலையில் வேலை செய்கிறவர்களிடம் லொகேஷனை அணைக்கச் சொல்வது கொலைக்குச் சமம், பெட்டிமுடியை மறந்துவிட்டீர்களா என்கிறார்.

மறக்கவில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கம் பெட்டிமுடியில் நிலச்சரிவில் தேயிலைத் தோட்ட லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) மண்ணோடு போய் 70 பேர் இறந்தார்கள். கயத்தாறு பக்கத்திலிருந்து போய்க் குடியேறிய குடும்பங்கள் அவை. இங்கே தேனி மாவட்டத்தில் எங்களுக்கும் அது சொந்தச் சாவு மாதிரிதான். ஆனால் அன்று நடந்தது என்ன? கரண்ட் இல்லை, டவர் இல்லை, போன் வேலை செய்யவில்லை. விஷயம் வெளியுலகத்துக்குத் தெரிய மறுநாள் காலையானது. அத்தனை பேர் போனிலும் லைவ் லொகேஷன் ஓடியிருந்தாலும் ஒரு புள்ளிகூட வெளியே போயிருக்காது.

போன் தன் இடத்தைக் கண்டுபிடிக்க சிக்னல் தேவையில்லை. வானத்தில் இருக்கும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிலிருந்து அது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது, திருப்பி எதையும் அனுப்புவதில்லை. கண்டுபிடித்த இடத்தை இன்னொருவருக்கு அனுப்பத்தான் டவர் வேண்டும். மலைக்குத் தேவை நிற்காத டவரும், பலத்த மழைக்கு முன் லயத்தைக் காலி செய்ய முடிவெடுக்கும் நிர்வாகமும். அதைக் கேட்காமல் பெண்களின் போனில் லைவ் லொகேஷன் கேட்பதைப் பாதுகாப்பு என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

ஆனாலும் அவர் சொன்னதில் ஒரு பங்கு சரி, அதைத் தள்ளிவிட முடியாது. ராத்திரி தனியாக ஆட்டோவில் வருகிற பெண், ஒரு மணி நேரத்துக்கு அக்காவுக்கோ மகனுக்கோ லொகேஷன் அனுப்புவது நல்ல பழக்கம். ஆபத்தில் காவல் உதவி ஆப்பை அழுத்துவதும் அப்படித்தான். அங்கே அனுப்புவது அவள், நிறுத்துவதும் அவள். நான் சண்டை போடுவது இன்னொரு வகையோடு: மேலே இருப்பவர் கேட்கிறார், கீழே இருப்பவர் மறுக்க முடியாது. லொகேஷன் அனுப்புவது நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் இல்லை. யார் கேட்டது, யாரால் நிறுத்த முடியும் என்று கேட்டால் பதில் வரும்.

2024 நவம்பர் 16

கார்த்திகை ஒன்று. சபரிமலை கூட்டம் தொடங்கியாச்சு. கடை வாசலில் எல்லா மாநில நம்பர் பிளேட்டும் நிற்கிறது.

வழி கேட்க மேப் தேவை, அதில் எனக்கு மறுப்பே இல்லை. ரோட்டில் சிவப்புக் கோடு தெரிவதே மலையில் ஊர்ந்துகொண்டிருக்கும் மற்றவர்களின் போன்கள் கொடுக்கும் வேகத்தால்தான். "ஆப் பயன்படுத்தும்போது மட்டும்" என்று அனுமதி கொடுத்தால் மேப் நன்றாகவே வேலை செய்யும்.

இந்தச் சீசனில் கவலைப்படவேண்டியது போட்டோவைப் பற்றி. குடும்பத்தோடு கிளம்பிய சாமிகள் குமுளி செக்போஸ்ட், பம்பை, சன்னிதானம் என்று இடத்தின் பெயர் போட்டு அப்போதைக்கப்போது ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். வீடு பூட்டிக்கிடக்கிறது என்று தெருவுக்கே சொல்வதுதான் இது. திரும்பி வந்த பிறகு போடலாம், ஐயப்பன் கோபித்துக்கொள்ளமாட்டார்.

போட்டோவுக்குள்ளும் இடம் ஒளிந்திருக்கும். கேமராவில் லொகேஷன் டேக் ஆன் செய்திருந்தால் அட்சரேகை, தீர்க்கரேகை படக் கோப்புக்குள்ளேயே எழுதப்படும். 2012 டிசம்பரில் ஜான் மெக்கஃபி, அவர் பெயரில் வைரஸ் தடுப்பு மென்பொருள் வந்ததே, அவர் பெலிஸ் போலீஸுக்குத் தப்பி ஒளிந்திருந்தார். கூட இருந்த பத்திரிகைக்காரர்கள் ஒரு படம் வெளியிட்டார்கள். அந்தப் படத்துக்குள் இருந்த எண்கள் அவர் குவாத்தமாலாவில் இருப்பதைச் சொல்லிவிட்டன. கணினிப் பாதுகாப்பில் பேர் வாங்கியவருக்கே அந்தக் கதி.

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்த எண்கள் போய்விடும். தெளிவாக இருக்கட்டும் என்று டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். வீட்டை விற்கவோ பழைய பைக்கை விற்கவோ படம் அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

2024 நவம்பர் 24

லோயர் கேம்பிலிருந்து ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார்: "நான் பட்டன் போன்தான் வச்சிருக்கேன், எனக்கு இதெல்லாம் கிடையாதுல்ல?"

ஆப் தொல்லை கிடையாது. டவர் பதிவு உண்டு. எந்த போனும் ஏதாவது ஒரு டவரோடு பேசிக்கொண்டிருந்தால்தான் அழைப்பு வரும். எந்த டவர் என்ற பதிவு கம்பெனியிடம் இருக்கும்.

எல்லையில் இருக்கிற நமக்கு இதில் வேறொரு சிக்கல். லோயர் கேம்ப், கூடலூர், சுருளிப்பட்டி ஓரத்தில் நின்றால் போன் சில சமயம் மலை மேலே இருக்கும் கேரளா டவரைப் பிடித்துக்கொள்ளும். நாம் தமிழ்நாட்டில் தென்னந்தோப்பில் உட்கார்ந்திருப்போம், கேரளா வந்துவிட்டதாக மெசேஜ் வரும். டவர் பதிவை மட்டும் வைத்து ஒருவர் எந்த மாநிலத்தில் இருந்தார் என்று முடிவுகட்டினால் இந்த ஊர்க்காரர்கள் பாதிப்பேர் பொய் சொன்னதாகத்தான் ஆகும். இருப்பிடம் வெளியே போவது ஒரு ஆபத்து என்றால், தப்பான இருப்பிடம் சாட்சியாக நிற்பது இன்னொரு ஆபத்து.

2020 ஆகஸ்டில் கோவிட் நோயாளிகளின் அழைப்புப் பதிவுகளைப் போலீஸ் எடுக்கலாம் என்று கேரளாவில் உத்தரவு வந்தது நினைவிருக்கும். எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ரமேஷ் சென்னித்தலா உயர் நீதிமன்றம் போனார். டவர் விவரம் மட்டும்தான் வேண்டும், யாரோடு பேசினார்கள் என்பது வேண்டாம் என்று அரசு அங்கே சொல்லவேண்டியதாயிற்று. நோய் பரவும் காலத்தில்கூட, எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் என்று ஒருவர் போய்க் கேட்டதால் கோடு விழுந்தது.

2024 நவம்பர் 25

மேலே எழுதியதோடு சேர்த்துப் படிக்கவேண்டிய தீர்ப்பு ஒன்று. இந்த வருடம் ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. போதைப்பொருள் வழக்கில் சிக்கிய நைஜீரியக் குடிமகன் ஒருவருக்கு ஜாமீன் கொடுக்கும்போது, கூகுள் மேப்பில் பின் போட்டு விசாரணை அதிகாரிக்கு இருப்பிடம் தெரியும்படி வைக்கவேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் நிபந்தனை போட்டிருந்தது. நீதிபதிகள் அபய் ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு அதை நீக்கியது. ஜாமீனில் வந்தவரின் ஒவ்வொரு அசைவையும் போலீஸ் பார்த்துக்கொண்டே இருக்கும்படியான நிபந்தனை, அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் அந்தரங்க உரிமைக்கு விரோதம் என்றது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று 9 நீதிபதிகள் சேர்ந்து சொன்ன தீர்ப்பின் வழிவந்தது இது.

குற்றம் சாட்டப்பட்டவரிடமே நீதிமன்றம் கேட்கக்கூடாத ஒன்றை, காய் எடுக்கப் போகிற அம்மாவிடம் ஒரு சூப்பர்வைசர் கேட்கிறார். தம்பி, இதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள்.

2024 டிசம்பர் 15

கொஞ்சம் விலகிப் போகிறேன். 2023 மே மாதம் அரிக்கொம்பன் கம்பம் தெருவுக்குள் வந்தது இங்கே எல்லோருக்கும் தெரியும். கழுத்தில் ரேடியோ காலர் மாட்டியிருந்த யானை. அது எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள வனத்துறைக்கு வழி இருந்தது. ஊரில் எல்லோருக்கும் அந்தத் தகவல் வேண்டும் என்று ஆசை. பயந்தவர்களுக்கு வேண்டும், வீடியோ எடுக்கத் துடித்தவர்களுக்கும் வேண்டும்.

காலர் தகவல் தப்பான கைக்குப் போனால் என்ன ஆகும்? 2013-ல் மத்தியப் பிரதேசத்துப் பன்னா காப்பகத்தில், காலர் மாட்டிய புலியின் இருப்பிடம் வந்துசேரும் மின்னஞ்சலுக்குள் யாரோ நுழையப் பார்த்தார்கள். வேட்டைக்காரர்களோ என்று எல்லோரும் பதறினார்கள். காப்பாற்றுவதற்காக மாட்டிய காலரே ஆளைக் காட்டிக்கொடுக்கும் காலராகவும் இருக்கலாம்.

மனிதர்களிடத்தில் அப்படி நடந்தது ஸ்ட்ராவா விஷயத்தில். ஓடுகிறவர்கள், சைக்கிள் மிதிக்கிறவர்கள் பாதையைப் பதிகிற ஆப். 2017 நவம்பரில் உலகம் முழுவதும் எங்கே ஓடினார்கள் என்று ஒரு வரைபடம் வெளியிட்டது, பெயர் எதுவும் இல்லாமல். 2018 ஜனவரியில் நேதன் ரூசர் என்ற ஆஸ்திரேலிய மாணவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். சிரியா பாலைவனத்தின் இருட்டுக்கு நடுவே பளிச்சென்று கோடுகள். காலையில் முகாமைச் சுற்றி ஓடிய அமெரிக்கச் சிப்பாய்களின் பாதைகள். அந்த ஆகஸ்டில் பென்டகன், களப்பணியில் இருக்கும் இடங்களில் இருப்பிடம் காட்டும் வசதிகளைத் தடை செய்தது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவரும் உடற்பயிற்சிதான் செய்தார்கள்.

2025 ஜனவரி 12

டார்ச் ஆப்புக்கு எதற்கு லொகேஷன் என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. விடியுமுன் ஜீப்புக்கு நடக்கிற பெண்கள் எல்லோர் போனிலும் டார்ச் உண்டு. போனிலேயே டார்ச் இருக்கும்போது தனி ஆப் வேண்டவே வேண்டாம். 2013-ல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம், பிரைட்டஸ்ட் பிளாஷ்லைட் என்ற ஆண்ட்ராய்டு ஆப் மீது நடவடிக்கை எடுத்தது. வெளிச்சம் கொடுத்துக்கொண்டே இருப்பிடத்தை விளம்பரக் கம்பெனிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

அந்த வியாபாரம் இப்போது மிகவும் பெரிதாகிவிட்டது. தொழுகை நேரம் காட்டும் முஸ்லிம் ப்ரோ ஆப்பிலிருந்து போன இருப்பிடத் தகவல் எக்ஸ்-மோட் என்ற தரகு நிறுவனத்துக்கும், அங்கிருந்து அமெரிக்க ராணுவ ஒப்பந்தக்காரர்களுக்கும் போனதாக 2020 நவம்பரில் செய்தி வந்தது. ஆப்பில் தொழுகைத் திசை பார்த்த மனிதருக்கு இது எப்படித் தெரியும்? இந்த மாதம் கிரேவி அனலிட்டிக்ஸ் என்ற இன்னொரு தரகரிடமிருந்து தகவல் திருடுபோன செய்தி ஓடுகிறது. அந்தப் பட்டியலில் கேண்டி கிரஷ், டிண்டர் எல்லாம் இருக்கின்றன. ஆப் செய்தவர்களே விற்றிருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. திரையில் விளம்பரம் வைக்கும் இடத்துக்கு நொடிக்குள் ஏலம் நடக்கிறது. ஏலத்துக்கு வருகிற எல்லோருக்கும் இந்தப் போன் இந்த இடத்தில் இருக்கிறது என்ற தகவல் போகிறது. எடுக்காதவர்களும் பார்த்துவிடுகிறார்கள். புத்தடியில் ஏலக்காய் ஏலத்துக்கு உட்காரும் வியாபாரிகளுக்கு எல்லா லாட்டின் மாதிரியும் கையில் வந்துவிடுகிறது பாருங்கள், வாங்கினாலும் வாங்காவிட்டாலும். அதே முறைதான்.

ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்கு மேல் இருந்தால் துல்லியமான இருப்பிடத்தை அணைத்து, தோராயமானதை மட்டும் கொடுக்கலாம். சுமார் 3 சதுர கிலோமீட்டருக்குள் எங்கேயோ என்றுதான் ஆப்புக்குத் தெரியும். மழை வருமா என்று பார்க்க அது தாராளமாகப் போதும். ஐபோனில் இது 2020-லிருந்தே உண்டு. விளையாட்டு ஆப், டார்ச், கீபோர்டு எதற்கும் எதுவும் கொடுக்கவேண்டாம்.

2025 ஜனவரி 19

சட்டம் வந்துவிட்டதே, இனி என்ன கவலை என்று எழுதியவருக்கு.

2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 2025 ஜனவரி 3 அன்றுதான் அதற்கான வரைவு விதிகளை வெளியிட்டுக் கருத்துக் கேட்டார்கள். 2025 ஜனவரியில் இதை எழுதும்போது சட்டம் நடைமுறைக்கு வரவில்லை. சம்மதம் சுதந்திரமாக, குறிப்பான காரியத்துக்காக, நிபந்தனை இல்லாமல் இருக்கவேண்டும் என்று அதில் இருக்கிறது. படிக்க நன்றாக இருக்கிறது. அபராதம் 250 கோடி ரூபாய் வரை.

ஆனால் நம் கதைக்கு வேண்டிய இரண்டு இடங்களில் ஓட்டை. ஒன்று, 7-வது பிரிவு. வேலை சம்பந்தமான காரியங்களுக்கும், முதலாளிக்கு நஷ்டம் வராமல் தடுப்பதற்கும் தொழிலாளியின் தகவலைச் சம்மதம் இல்லாமலே பயன்படுத்த இடம் கொடுக்கிறது. இரண்டு, 3-வது பிரிவு. ஒருவர் சொந்த, வீட்டுக் காரியத்துக்காகச் செய்வதற்குச் சட்டமே பொருந்தாது. பெரிய கம்பெனிகளைப் பிடிக்க வலை போட்டிருக்கிறார்கள். தோட்டத்து முதலாளியும் வீட்டுக்காரரும் அந்த வலைக்கு வெளியே நிற்கிறார்கள். எங்கள் ஜீப் பெண்களை அன்றாடம் பார்த்துக்கொண்டிருப்பது அந்த இருவர்தான். இதைத்தான் கருத்தாக எழுதி அனுப்ப நினைத்தேன். கடைசி நாள் 2025 பிப்ரவரி 18 என்று அப்போது அறிவித்திருந்தார்கள். 

2025 பிப்ரவரி 9

முதலில் கேட்ட தம்பி திரும்பி எழுதியிருக்கிறார். பெண்கள் சேர்ந்து கேட்டதில் இப்போது டிரைவர் மட்டும் லொகேஷன் போடுகிறாராம். நல்லது. ஆனால் சூப்பர்வைசர் வேறொன்று கொண்டுவந்திருக்கிறார்: தோட்டத்துக்குள் போனதும் செல்ஃபி எடுத்து ஆப்பில் ஏற்றவேண்டும், இடமும் நேரமும் அதில் பதியும். அரைநாள் கழிந்து இன்னொன்று.

இது நூறு நாள் வேலையிலிருந்து வந்த பழக்கம். அங்கே 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பயனாளிகளுக்கான வேலைகள் தவிர எல்லா வேலைத்தளத்திலும் ஆப்பில் நாளைக்கு இரண்டு தடவை இடமுத்திரை போட்ட படம் கட்டாயம் என்று ஆக்கினார்கள். படம் ஏறவில்லை என்றால் வேலை செய்தும் கூலி இல்லை என்று ஊர் ஊராகப் பெண்கள் அலைந்தார்கள். மலையில் சிக்னல் எப்படி என்று சொல்லவே வேண்டாம். ஏலச்செடி நிழலில், மேலே மரக்கூரை மூடிய இடத்தில் ஜிபிஎஸ் தள்ளிக் காட்டும், பக்கத்துத் தோட்டத்தில் நிற்பதாகக்கூடப் பதியும்.

நான் சொல்லக்கூடியது: ஆப் வேண்டுமென்றால் தோட்டத்து போனில் வைத்துக்கொள்ளட்டும், கணக்குப்பிள்ளை கையில் இருக்கட்டும். சொந்தப் போனில் ஏற்றியே ஆகவேண்டும் என்றால் "பயன்படுத்தும்போது மட்டும்" என்ற அனுமதியோடு நிறுத்துங்கள். கூலிக்கணக்கு நோட்டில் கையெழுத்து வாங்குவதையும் விட்டுவிடக்கூடாது. ஆப் சொல்வது ஒரு சாட்சி, நோட்டு இன்னொரு சாட்சி.

2025 மார்ச் 8

நவம்பரில் அந்த அக்கா "இன்னைக்கு வேணாம்" என்று சொன்னதைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். அதற்கப்புறம் பல பேரிடம் பேசிவிட்டேன். இப்போது புரிகிறது.

அந்தக் கால்குலேட்டர் மாதிரி வேஷம் போட்ட உளவு ஆப்பை எடுத்த அந்த நொடியே வைத்தவருக்குத் தெரிந்துவிடும். புள்ளி நின்றுபோகும். "ஏன் அணைச்சே, எங்கே போனே" என்று அன்று ராத்திரியே அடி விழும். போனைப் பார்த்து ஆபத்தை அளந்துகொண்டிருந்தவன் நான். வீட்டில் என்ன நடக்கும் என்று அளந்தவர் அவர். ஆகவே கடையில் இப்போது யாருக்கும் எடுத்த எடுப்பில் அழிப்பதில்லை. முதலில் கேட்பது, இன்றைக்கு நீங்கள் எங்கே தங்கப்போகிறீர்கள் என்பதைத்தான்.

சந்தேகம் இருந்தால் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். அந்த ஆப்பின் பெயர், அனுமதிப் பக்கம் எல்லாவற்றையும் இன்னொரு போனால் படம் பிடித்து, நம்பிக்கையான ஆளிடம் வைத்துவிடுங்கள். அந்த போனிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் பார்க்கிறவர் அதையும் பார்க்கக்கூடும். உதவி கேட்டு அழைப்பதும் வேறு போனிலிருந்து. 181 பெண்கள் உதவி எண் கேரளாவிலும் உண்டு, தமிழ்நாட்டிலும் உண்டு. கூகுள் மேப்பில் உங்கள் படத்தைத் தொட்டு லொகேஷன் ஷேரிங் பாருங்கள், "நிறுத்தும்வரை" என்று யாருக்காவது போய்க்கொண்டிருக்கலாம். உளவு ஆப்பே வேண்டாம், இரண்டு நிமிடம் போன் கையில் கிடைத்தால் இதைச் செய்துவிடலாம். பை, ஸ்கூட்டர் சீட்டில் போடும் சின்ன டிராக்கர்களைக் கண்டுபிடிக்க ஆண்ட்ராய்டிலேயே தெரியாத டிராக்கர் எச்சரிக்கை என்று இருக்கிறது, பாதுகாப்பு, அவசரம் என்ற பகுதியில். கையால் ஒரு முறை தேடச் சொல்லலாம்.

போன வாரம் ஒருவர் மனைவியின் போனைக் கொண்டுவந்தார். தெரியாமல் லொகேஷன் வருகிற மாதிரி செய்துகொடுங்கள், எவ்வளவு கேட்டாலும் தருகிறேன் என்றார். முடியாது என்றேன். வேறு கடையில் செய்துகொள்வேன் என்று போய்விட்டார். செய்துகொடுக்கிற கடை இருக்கத்தான் செய்யும். ஒரு பெண்ணின் போன் பயன்பாட்டை அவளுக்குத் தெரியாமல் கண்காணிப்பது இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவில் பின்தொடரும் குற்றமாக வரலாம் என்று, அடுத்த முறை யாராவது கேட்டால் காட்டுவதற்காக, ஒரு தாளில் எழுதிக் கடைச் சுவரில் ஒட்டிவிட்டேன்.

2025 மார்ச் 9

ஒருவர் கேட்டதற்கு: அந்தத் தாளின் வாசகத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். குமுளியில் மலையாளத்தில் ஒட்ட ஆள் கிடைத்தால் சொல்லுங்கள், அடித்துத் தருகிறேன்.